ரெண்டே அடி

பையிலிருந்த பிளாஸ்டிக் சில்லுகளை அறுப்பு மேசைமேல் கொட்டினார் படகுக்காரர். இடது கையில் கட்டு, முகத்தில் கொலைவெறி. பின்னாலேயே மூச்சு வாங்க அவர் மனைவி வந்து நின்றாள்.

"நீ மாட்டிக் கொடுத்த ஜன்னலோட லட்சணத்தைப் பாரு. ரெண்டே அடி! சுக்குநூறாப் போச்சு!"

அவருடைய மச்சினன் மெஷினை நிறுத்தினான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகளை அறுத்துப் படகு ஜன்னல்களில் பொருத்துவதுதான் அவன் தொழில்.

"நான் கேட்டது என்ன? பாலிகார்பனேட். இதே மேசையில ரெண்டு துண்டை வெச்சு சுத்தியலால அடிச்சுக் காட்டினியே! அக்ரிலிக் உடைஞ்சுது, அது அசையலை. 'கீறல் விழும், வெயில்ல மஞ்சளாகும், ஆனா உடையாது'ன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன், மாமா."

"கேபினுக்கு எத்தனை வாசல்னுகூட அக்கறையா விசாரிச்சே. ஒண்ணுதான்னேன். எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டிட்டு அக்ரிலிக்கை மாட்டி விட்டிருக்கே. வேற எவனாவது ஏமாத்தினாக்கூடப் பொறுத்துக்குவேன். வீட்டு ஆளுடா நீ!"

கரி படிந்த சில்லு ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தான் மச்சினன். "ஆமா, அக்ரிலிக்தான். தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஏதோ கைதவறி நடந்திருக்கும் என்று வழியெல்லாம் தம்பிக்காக வாதாடிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"அடப்பாவி! இந்த இடுப்புல சுமந்து வளர்த்தேனேடா உன்னை. என் புருஷன் உயிரோட விளையாட உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

"கேட்டுக்கிட்டியா? இனிமே இவன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. நீயும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது" என்றார் படகுக்காரர்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். தம்பி முகத்தைப் பார்க்காமலே வெளியே நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நில்லு" என்றான் அவன். பிறகு படகுக்காரர் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கே எடுத்துச் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க பிடிச்ச பிடியை விடுற ஆளா? நேத்து கேபின் உள்ளே தீப்பிடிச்சு, கதவும் திறக்காமப் போனப்ப, அந்த ரெண்டு அடியை அடிச்சு வெளியே வந்தது நீங்கதானே, மாமா?"