ஈசலின் கல்யாணப் போட்டோ

மழை விட்ட சாயங்காலம். புற்றிலிருந்து புதுச் சிறகோடு கிளம்பிய ஈசல் ஒன்று, வேலியோரம் ஸ்டுடியோ வைத்திருந்த ஓணானிடம் போய் நின்றது.

"அண்ணே, இன்னிக்கு எனக்குக் கல்யாணம். இறக்கை உதிர்றதுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க."

ஓணான் தலையை ஆட்டியபடி அதை உற்றுப் பார்த்தார். இவ்வளவு சின்ன ஆளைச் சாதாரண லென்ஸில் எடுத்தால் நாளைக்கு நாலு ஓணான் பார்த்துச் சிரிக்காதா? சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்ரோ லென்ஸ்தான் சரி. ஆனால் இருக்கிற மூன்றில் எது?

"அறுபது எம்.எம். கைக்கு அடக்கமா இருக்கும். ஆனா மூக்குக்கிட்ட வந்து எடுக்கணும், நீ பயந்து பறந்துடுவே."

"பறக்கமாட்டேன் அண்ணே."

"நூறுன்னா தள்ளி நின்னே எடுக்கலாம். நூற்றைம்பதுன்னா இன்னும் தள்ளி. ஆனா கனம், கை ஆடும்."

"தலையே ஆடிக்கிட்டுத்தானே இருக்கு?"

ஓணானுக்குச் சுருக்கென்றது. "கலைன்னா அவசரப்படக் கூடாதும்மா" என்று சொல்லித் திரும்பி, மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி, வேலி முள்ளைப் படமெடுத்துப் பார்த்தார்.

ஈசலின் ஓர் இறக்கை உதிர்ந்தது.

"அண்ணே!"

"இதோ, இதோ."

மீதி மூன்றும் உதிர்ந்தன. காத்திருந்த மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான்.

நூறுதான் என்று ஒருவழியாக முடிவு செய்து ஓணான் திரும்பியபோது, ஈசல் மல்லாந்து கிடந்தது. இரண்டு எறும்புகள் அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"தள்ளுங்கடா, ஃபிரேமுக்குள்ள வராதீங்க!" என்று அவற்றை அதட்டிவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தார் ஓணான். முகமெல்லாம் பூரிப்பு.

"பிரமாதம்மா! அப்படியே இரு. இவ்வளவு அசையாம போஸ் கொடுக்கிற கல்யாணப் பொண்ணை நான் பார்த்ததே இல்லை."