வெடிப் பட்டறை மண்

"கெட்ட சேதின்னா மொதல்லயே சொல்லிடுங்கம்மா" என்றார் ரெத்தினம்.

மண் பரிசோதனை அதிகாரி ஷமா கையிலிருந்த அறிக்கையைப் பிரித்தாள். அவர்கள் நின்றது, வலங்கைமானுக்குப் பக்கத்தில் ரெத்தினம் வெடிப் பட்டறை நடத்தி மூடிய இடம். அங்கன்வாடி கட்ட அதை ஊருக்குத் தானமாகக் கொடுக்கிறார். குழந்தைகள் புரளப்போகும் மண் என்பதால்தான் இந்தச் சோதனை.

"ஐயா, போன வாரம் எடுத்துட்டுப் போன மண்ணுல..."

"இருங்கம்மா. தோ, அந்த மூலையிலதான் எங்க வீட்டுக்காரி கண்ணாத்தா திரி சுத்துவா. ரேடியோ பாடிக்கிட்டே கெடக்கும். தாராசுரத்துலேருந்து வேளாங்கண்ணி வரைக்கும் எந்த விசேஷம்னாலும் நம்ம வெடிதான். அவ போனப்புறம் பட்டறையும் போச்சு."

ரெத்தினம் பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி கிடையாது. ஆனால் இந்த முறை கண் கலங்கிப்போய் அவரே நிறுத்தினார்.

"ஒரு விபத்து நடந்ததில்லம்மா. ஒரு பொட்டு வெடிமருந்துகூடத் தரையில தங்கவிட மாட்டேன். சாயந்திரமானா கூட்டி அள்ளி, சட்டி சல்லடையோட பெரிய குளத்துக்குப் போயிடுவோம். தண்ணியில விழுந்தா மருந்து அடங்கிடும்ல? எல்லாத்தையும் அங்கதான் கொட்டி அலசுவோம். தண்ணி மேல வெள்ளியா மினுக்கும். பொண்ணுங்க அதை அள்ளிக் கன்னத்துல பூசிக்கிட்டுச் சிரிக்கும்."

"நீங்க சொல்றது நெசந்தான் ஐயா. ஆழத்து மண்ணு சுத்தமா இருக்கு" என்றாள் ஷமா.

ரெத்தினத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா மேல ஒரு சாண் மண்ணு மோசம். வெடிமருந்துல சேர்க்கற உலோகமெல்லாம் மண்டிக் கெடக்கு. பிள்ளைங்க கை வைக்கவே கூடாது. அதெப்படி மேல மட்டும்? அதான் எனக்குப் புரியல."

ரெத்தினம் காலடியில் கிடந்த கருப்பு மண்ணையே பார்த்தார்.

"மேல இருக்கறது பட்டறை மண்ணே இல்லம்மா. பிள்ளைங்க விளையாடற இடமாச்சே, நல்ல மண்ணா இருக்கட்டும்னு, பெரிய குளத்தைத் தூர் வாரினப்ப ஒரு லாரி வண்டல் கொண்டாந்து பரப்பினேன்" என்றவர், வேலிக்கு அப்பால் தெரிந்த வயல்களைப் பார்த்தார். "மிச்ச வண்டலை ஊரே வயலுக்கு அள்ளிக்கிட்டுப் போயிடுச்சே!"