வருஷா வருஷம் வளர்ந்த பந்துவீச்சாளன்

“ஆளா அவன்? ஆறரை அடி மலை. கையை விட்டுப் பந்து கிளம்புறதுதான் தெரியும். அப்புறம் பின்னாடி பிடிக்கிறவன் கையுறையில ‘பட்’டுன்னு சத்தந்தான் கேக்கும்.”

கத்தரியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பேஸ்பால் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் லோவெல். அயோவாவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூருக்கு அவர் கடை ஒன்றுதான் முடிதிருத்தும் கடை.

நாற்காலியில் இருந்த ஒல்லி முதியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர். கோடைக்கு ஒரு தடவை வருவார். வெளியே காரில் அவர் மனைவி காத்திருப்பாள். இந்த வருஷம் அந்த இருக்கை காலி.

முறைக்குக் காத்திருந்த வெர்னுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “போன வருஷம் ஆறடின்னுதானே சொன்னே?”

“அன்னிக்கு நீ அம்மை போட்டு வீட்டுல கிடந்தே. ஆட்டத்தைப் பாக்காதவன் பேசக் கூடாது.”

“அவ்வளவு பெரிய சூரன் பந்தை நீ எப்படிப்பா வேலி தாண்டி அடிச்சே?”

“கண்ணை மூடிக்கிட்டு மட்டையைச் சுத்தினேன். பட்டுடுச்சு. அதுவரைக்கும் எங்க ஆளுங்க ஒருத்தனாலயும் தொட முடியல. ஜெயிச்சது நாங்க, ஆடினது அவன்.”

முதியவர் மெல்லக் கேட்டார். “அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?”

“தோள்பட்டை போயிடுச்சுன்னு கேள்வி. இல்லேன்னா பெரிய லீக்ல அவனை அடிச்சுக்க ஆள் இருந்திருக்காது, ஐயா.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“எதிர்ல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?”

முதியவர் கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். “அடுத்த கோடையில வரேன்” என்று சொல்லி, சீட்டியடித்தபடியே காருக்குப் போனார்.

வெர்ன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். “நீ அடிச்ச கதையில உன்னை விட்டுட்டு அவனைத் தூக்கி வெச்சு ஆடறே. மலையாம் மலை. உண்மையைச் சொல்லு, எவ்வளவு உயரம் இருப்பான்?”

“அஞ்சரை அடி இருப்பார்.”

“என்னப்பா, திடீர்னு மரியாதை?”

லோவெல் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். “இப்ப சீட்டியடிச்சுக்கிட்டுப் போறாரே, அவர்தான். எனக்கு ஆளைத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட உளறி வெச்சுடாதே.”