மேலே ஏறும் எழுத்து

“எழுத்துப் போட்டுருவான், வெரசா வாங்க!”

யுவராணி புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் படியில் பாண்டிச்செல்வம் பாப்கார்னோடு தடுமாறினான்.

அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. ஆள் அசைவது தெரிகிறது, வாசற்படி தெரிகிறது. எழுத்துத் தெரிந்தால்தான் முழுப் பார்வை என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவன் பேப்பரை நீட்டியதற்கு, பொடி எழுத்து கண்ணைக் கூசுகிறது என்று தள்ளிவிட்டாள். நாளைக்கு அவன் ஜம்முவுக்கு ரயில் ஏற வேண்டும்.

“எழுத்துத் தெரியலைன்னா நான் போகமாட்டேன்ட்டி. பட்டாளத்து வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்.”

“உங்க உசுரே அந்த வேலைதான. செத்த சும்மா இருங்க, இன்னைக்கு நான் வாசிச்சுக் காட்டுறேன்.”

கூடவே வந்திருந்த பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி சொன்னாள்: “நான் இந்தப் படத்தத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேண்ணே. மொதல்ல எழுத்து ஏறும் பாருங்க, அம்புட்டு நல்லாருக்கும்!”

விளக்கு அணைந்தது. முரசு முழங்க, கறுப்புத் திரையின் அடியிலிருந்து வெள்ளை எழுத்துகள் மேலே ஏறின.

“மலைக்கு அப்பால் மழையே காணாத நாடு ஒன்று இருந்தது…” யுவராணி கணீரென்று வாசித்தாள். “அந்த நாட்டின் அரசி, மேகங்களைத் தேடித் தன்னந்தனியே புறப்பட்டாள்…”

பாண்டிச்செல்வத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அச்சுப் பிசகாமல் வரிக்கு வரி வாசிக்கிறாள்!

“யாரும்மா அது?” என்று முன்வரிசையில் ஒருவர் திரும்பினார்.

“ஏலே, அவிய வாசிக்கட்டும். கேக்க நல்லாத்தான இருக்கு!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே வாயைப் பிளந்து கேட்டது. யாரோ விசிலடித்தார்கள்.

சாமியே எதிரில் வந்து நின்றிருந்தாலும் பாண்டிச்செல்வம் இப்படி மலைத்திருக்க மாட்டான். கண்ணீர் வழிய அவள் கையைப் பற்றிக்கொண்டான். “ஆண்டாள் தாயே… உனக்குத் தெரியுதுட்டி! நாளைக்கு நிம்மதியா ரயிலேறுவேன்.”

அவள் சிரித்தாள். வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சட்டென்று மெஷினில் ஏதோ கோளாறு. எழுத்து பாதி வரியில் அப்படியே நின்றுவிட்டது. முரசுச் சத்தம் மட்டும் ஓடியது. கொட்டகை முழுக்க விசில் பறந்தது.

விசில் தனக்குத்தான் என்று யுவராணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெங்கடேஸ்வரி பதறிப்போய் அவள் தொடையைக் கிள்ளக் கிள்ள, திரைக்கு இன்னும் வராத வரிகளை ஒன்றுவிடாமல் அவள் வாசித்துக்கொண்டே போனாள்.