க்ளோதில்ட் அத்தையின் வலது கை

அறையில் இருந்தவர்கள் நால்வர். தாய்மாமன் ஆன்செல்ம். அவர் மனைவி க்ளோதில்ட், படத்தில் இருப்பவர். அம்மா பெர்னாதெத், வாய் திறக்காதவர். பிறகு அவள், தூரிகையோடு.

அவள் வரைந்த முதல் உருவப்படம்.

மாமா முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த வலது கையையே பார்த்தார்.

வீங்கிய மூட்டு. கழற்ற முடியாமல் இறுகிப்போன மோதிரம். புறங்கையில் ஓடும் நீல நரம்பு.

"யார் போட்ட கை இது?"

"நான்தான் மாமா."

மன்னர் லூயியின் பிரான்ஸில் ஒரு பெண் பூ வரையலாம். முகம் வரையலாம்.

"உடம்பைப் பாத்து வரையறது ஆம்பளைங்க படிப்பு. உனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்னு திஜோன் ஊர் முழுக்கக் கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"அத்தை கைதான் சொல்லிக் குடுத்துச்சு."

அம்மா தரையைப் பார்த்தார். அப்பா போனபின் அவர்கள் இருவருக்கும் மாமாவின் வீடுதான்.

"மூடு அதை. இல்லேன்னா படம் அடுப்புக்குப் போகும். வண்ணப்பெட்டியும் கூடவே போகும்."

குளிர்காலத்தில் அத்தை இரு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் முயல்தோல் உறை, சுவரில் ஆணியில் தொங்கியது. அதைக் கையின் மேல் வரையச் சொல்லி மாமா காட்டினார்.

"படத்துல நான் போட்டிருக்கற ஜூன் மாசத்து மெல்லிசு மஸ்லின் உடுப்புக்கு முயல்தோலா?" அத்தை சிரித்தார். "பாக்கறவங்களுக்கே வேர்த்துக் கொட்டும்."



"மூடறேன்" என்றாள் அவள். "ஆனா முதல்ல காயணும்."

மாமா அதை அடம் என்று எடுத்துக்கொண்டார்.

அடம்தான்.

ஈரத்தின் மேல் வரைந்தால் கை கரைந்து கலந்துவிடும். காலைதோறும் விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. மாமா கேட்டார். இன்னும் காயவில்லை என்றாள். மறுபடி கேட்டார். அதே பதில்.

ஒட்டாத ஒரு காலையில் வார்னிஷ் புட்டியைத் திறந்தாள். கையின் மேல் மட்டும் பூசினாள், விரல் விரலாக.

அத்தை பின்னால் வந்து நின்றார்.

"இது எதுக்குடி?"

"பஞ்சைச் சாராயத்துல நனைச்சுத் துடைச்சா வார்னிஷ் விட்டுடும் அத்தை. அதுக்கு மேல என்ன இருக்கோ, அதுவும் சேர்ந்து வந்துடும்."

"கீழ இருக்கறது?"

"அது வராது."

அத்தை தன் மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். நகரவில்லை.

பிறகு அவள் முயல்தோலை வரைந்தாள். மயிர் மயிராக வரைந்தாள். ஊதினால் அசையும் போலிருந்தது.

மாமா தலையசைத்தார். படம் கூடத்துச் சுவரில் ஏறியது. அவர் கண்மூடும்வரை அங்கேயே இருந்தது.

பெண்ணுக்குக் கை வரைய வராது போலிருக்கிறது என்றார்கள் வந்தவர்கள். அவள் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

மாமாவை அடக்கம் செய்த வாரம், அத்தை வேலைக்காரியை அனுப்பி ஒரு புட்டி சாராயம் வாங்கினார். பஞ்சு வீட்டிலேயே இருந்தது. கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் கதவு திறந்தபோது வீடெல்லாம் நெடி. புட்டி காலி.

துக்கத்தில் க்ளோதில்ட் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று திஜோன் முழுக்கப் பேச்சு.

அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.