நிற்கும் தூரம்

“செவப்பு விழுந்தும் நிக்காமப் போனீகளாம்ல மாப்பிள்ளை? பாத்தவுக சொன்னாக. பொய்யா?”

ராஜா முகம்மது கேட்டதும் அஷ்ரப் வாய்க்குக் கொண்டுபோன திராட்சையைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். சென்னையில் மின்சார ரயில் ஓட்டுகிறவன் அவன். ராஜா முகம்மதுவின் மகள் பாஜிலாவை அவனுக்குப் பேசி முடித்தாயிற்று. லீவில் சொந்த ஊரான தேனிக்கு வந்தவன், நிக்காஹ் தேதி குறிக்கத்தான் கம்பத்துக்கு வந்திருந்தான். இப்போது தேதி என்ன, பெண்ணே கிடைக்காது போலிருந்தது.

“பொய்யில்ல மாமா. ஆனா…”

“என்ன ஆனா? செவப்பப் பாத்து நிக்கத் தெரியாத ஆளை நம்பி எம் பிள்ளைய எப்படி அனுப்ப?”

நியாயமான கேள்விதான். ஆனால் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா? அஷ்ரப் நாற்காலியை விட்டு, மாமனார் உட்கார்ந்திருந்த பாயில் இறங்கி உட்கார்ந்தான். இரண்டு டீ கிளாஸ்களை எடுத்து, ஒன்றை ஓரமாகவும் ஒன்றைச் சற்றுத் தள்ளி நடுவிலும் வைத்தான்.

“இது மஞ்ச சிக்னல், அது செவப்பு. இந்த எடவெளி அந்தக் காலத்து ரயிலுக்கு வச்சது மாமா. அப்ப வேகமும் கம்மி, கூட்டமும் கம்மி. இப்ப ரெண்டும் கூடிப்போச்சு. சிக்னல் மட்டும் வச்ச எடத்துலயே நிக்குது.”

“ம்.”

“மஞ்சளப் பாத்ததுமே பிரேக்கப் போட்டாலும், வண்டி இழுத்துக்கிட்டுப் போயித்தான் நிக்கும். இங்கன பாருங்க!”

திராட்சைத் தட்டை ரயிலாக்கி ஒரு தள்ளு தள்ளினான். தட்டு முதல் கிளாஸைக் கடந்து, இரண்டாவதைக் கவிழ்த்துவிட்டு, மாமனார் மடியில் போய் நின்றது. வெள்ளைக் கைலியெல்லாம் டீ.

அஷ்ரப்புக்கு உயிரே போய்விட்டது. துள்ளி எழுந்த ராஜா முகம்மதுக்கோ முகமெல்லாம் வெளிச்சம்.

“அட! செவப்பத் தாண்டித்தான நிக்குது!”

“அதத்தான் சொல்றேன் மாமா!”

“அப்ப தப்பு ஒங்க மேல இல்ல. சிக்னல நட்டவன் மேல!”

“கொஞ்சம் தள்ளி நட்டிருக்கணும் மாமா,” என்றான் அஷ்ரப், பெரிய மனது பண்ணி.

“இம்புட்டுக் கஷ்டத்துல வண்டி ஓட்டுறீக. அது தெரியாம மாப்பிள்ளைய சந்தேகப்பட்டுட்டேனே! ஏ மெகருன்னிசா, இனிப்பக் கொண்டா. தேதியக் குறிச்சிருவோம்!”

மாமியார் இனிப்போடு வருவதற்குள் கதவிடுக்கில் பாஜிலாவின் தலை நீண்டது. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

“அத்தா, நேத்து தேனி பஸ் ஸ்டாண்டு சிக்னல்ல நானும் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தேன். இவுக செவப்பத் தாண்டி ஓட்டிட்டுப் போனது ஸ்கூட்டி!”