செம்பருந்து மீண்டும் வருகிறான்

திரையை இழுத்ததும் அரங்கமே எழுந்து நின்றது.

காமிக்ஸ் கதையில் செத்துப்போன செம்பருந்து மேடையில் ஆளுயர அட்டைப்படமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சிவப்பு முகமூடி, அதே சிறகு. கீழே கொட்டை எழுத்தில், 'மீண்டும் வருகிறான்!'

கூட்டத்தில் மகளோடு உட்கார்ந்திருந்த அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மகளின் கண்ணைப் பொத்தலாமா என்று கை பரபரத்தது. பொத்தி என்ன பிரயோசனம்? நறுமுகை பார்த்துவிட்டாள்.

ஈரோட்டில் நடக்கும் காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்கு ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிவந்ததே தப்பு. வீட்டில் விட்டுவர ஆளில்லை. செம்பருந்தை எழுப்புகிற விஷயத்தில் காமிக்ஸ் ஆசிரியர் கடைசி நேரத்திலாவது மனம் மாறியிருப்பார் என்று ஒரு நப்பாசை வேறு.

பள்ளி நாளிலிருந்து செம்பருந்து படிக்கிறவன் அவன். கதையில் செம்பருந்தைக் கொன்றபோது மற்ற ரசிகர்களோடு சேர்ந்து அவனும்தான் திட்டினான்.

அப்புறம் நறுமுகையின் அம்மா போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா எப்போது வருவாள் என்று மகள் தினமும் கேட்டாள். எத்தனை விதமாகச் சொல்லியும் குழந்தையின் மனதில் ஏறவில்லை. கடைசியில் செம்பருந்து சாகிற அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்து வாசித்துக் காட்டினான். செம்பருந்தாலேயே திரும்பி வர முடியாதா என்று கேட்டாள். செத்துப்போனால் யாராலும் முடியாது என்றான்.

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது வியாபாரம் படுத்துவிட்டது என்று அந்தப் படுபாவிகள் செம்பருந்தை எழுப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியருக்கு மைக்கில் ஒரே குஷி. நீங்கள் எல்லோரும் வேண்டும் வேண்டும் என்று கேட்டீர்கள், கேட்டதால்தான் வந்தான் என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. ஒரே ஒரு வாசகர் மட்டும், செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும், கொண்டுவராதீர்கள் என்று போன் போட்டுப் போட்டுச் சண்டை பிடித்தார் என்று சொல்லிச் சிரித்தார். வருடா வருடம் வருகிறவர்களின் முகமெல்லாம் அவருக்கு அத்துப்படி. கூட்டத்தைத் துழாவி, இவன் பக்கம் கையை நீட்டினார்.

"அதோ, நம்ம நண்பர் வந்திருக்காருங்க. மைக்கை அவருகிட்டக் குடுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுந்தான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். மைக் கைக்கு வந்தது.

நறுமுகை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான்.

மெதுவாகத்தான் கேட்டாள். மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"அம்மாவையும் வர வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களாப்பா?"

அரங்கத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவள் சட்டையை விடவில்லை.